கிண்ணத்தில் நின்ற அரை லிட்டர்

தனசீலனின் களைப்பு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்தால் போகிற ரகம் இல்லை. அது திங்கட்கிழமை காலையில் அவரோடு மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்து கிளம்பி, டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் செம்பூர் வரை வந்து, சாயங்காலம் அவரோடேயே திரும்பியது. வழியில் இடம் கிடைத்தால் அது உட்கார்ந்தது, அவர் நின்றார்.

செம்பூரில் அவர் வேலை பார்த்த கல்யாணி ஸ்டவ் பார்ட்ஸ், மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிற பம்ப் செய்யும் கம்பெனி. முதலாளி வெங்கடராமன் மாட்டுங்காக்காரர். இனிமேல் எதிர்காலம் ஸ்டவ்வில் இல்லை, மோட்டாரில்தான் இருக்கிறது என்று அவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னவர் யார் என்று தெரிந்திருந்தால் தனசீலன் நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். கம்பெனியில் டிப்ளமோ படித்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே வாஷர் செக்‌ஷனிலிருந்து அவரைப் பெயர்த்தெடுத்து, மூலையில் ஒரு சாய்வு மேஜை போட்டு உட்கார வைத்து, தலைக்குமேல் 'டிசைன் டிபார்ட்மெண்ட்' என்று பலகை மாட்டினார்கள். டிபார்ட்மெண்ட் என்பது தனசீலன், ஒரு ஸ்டூல், சுற்றாத ஒரு மின்விசிறி.

ஆனால் உட்கார வைத்த பாவத்துக்கு அவர் உண்மையாகவே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

மே மாதம் சயான் பக்கம் போனால் பார்க்கலாம். வரிசையாக டாக்ஸிகள் பானெட்டைத் திறந்துகொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி வாயைப் பிளந்து நிற்கும். கோளாறு பெட்ரோலில் இல்லை. டாங்க் பின்னால் இருக்கிறது, பம்ப் முன்னால் சூடேறிய எஞ்சின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து அது நீளக் குழாய் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. ஏற்கெனவே சூடு; போதாததற்கு உறிஞ்சல் வேறு. பெட்ரோல் குழாயிலேயே கொதித்துக் குமிழ் குமிழாகிவிடும். பம்புக்குக் குமிழை உறிஞ்சத் தெரியாது. வண்டி நின்றுவிடும். டிரைவர் ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டுவிட்டு பீடி பற்ற வைப்பான். பாசஞ்சர் இறங்கி அடுத்த டாக்ஸியில் ஏறுவான். அதுவும் நிற்கும்.

தனசீலன் பம்பைக் கொண்டுபோய் டாங்க்குக்குள்ளேயே முக்கிவிட்டார். சோர் பஜார் பழைய சாமான் கடையில் வாங்கிய வைப்பர் மோட்டார் ஒன்று, அதன் காலடியில் சின்ன இறக்கைச் சக்கரம். முன்னால் நின்று இழுப்பதற்குப் பதில் பின்னால் நின்று தள்ளுவது, அவ்வளவுதான் சூத்திரம். தள்ளுகிற பெட்ரோல் அழுத்தத்தில் இருக்கும், லேசில் கொதிக்காது. எஞ்சினுக்குப் போக மிஞ்சியது இன்னொரு குழாய் வழியாக டாங்க்குக்கே திரும்பி வரும். அதுவும் மேலேயிருந்து சோடா ஊற்றினாற்போல் கொட்டி நுரைக்காமல், மட்டத்துக்குக் கீழே போய்ச் சத்தமில்லாமல் கலக்கும்படி செய்திருந்தார். இதற்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. இதைக் கேட்டவர்களிடமெல்லாம் விளக்கினார், கேட்காதவர்களிடமும் விளக்கினார். மாட்டுங்கா மார்க்கெட்டில் அவரைக் கண்டால் கத்திரிக்காய் பொறுக்குவதை நடுவில் விட்டுவிட்டு நகர்ந்தவர்கள் உண்டு.

அறுபத்தேழாம் வருஷம் ஏப்ரல் கடைசியில் வெங்கடராமன் அவரைக் கூப்பிட்டார்.

"தனசீலன், நீர் கெட்டிக்காரர்தான், யார் இல்லேன்னா? ஆனா கெட்டிக்காரத்தனத்தை எத்தனை வருஷம் மேஜைமேலேயே வெச்சுண்டிருக்கறது? என் மச்சினன் டாக்ஸி ஒண்ணு ஓடறது. அதுல மாட்டும். இந்த மே முழுக்க நிக்காம ஓடினா நாம மோட்டார் கம்பெனி."

"ஓடலேன்னா சார்?"

"ஓடலேன்னா என்ன, ஸ்டவ் கம்பெனி எங்கே ஓடிப்போறது? உம்ம வாஷர் செக்‌ஷன் அப்படியேதான் இருக்கு. ஸ்டூலைக்கூட எடுத்துண்டு போகலாம்."

வாஷர் செக்‌ஷனில் தோல் வாஷரை எண்ணெயில் ஊறப்போட்டு, ஊறியதா என்று நசுக்கிப் பார்க்க வேண்டும். அங்கே அதுவரை அப்படி நசுக்கிப் பார்த்தே பலருடைய தலை நரைத்திருந்தது. தனசீலன் தன் தலையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த டாக்ஸியைப் பகலில் ஓட்டியவன் ஜமால். கடையநல்லூர்க்காரன், மாஹிமில் ஜாகை. ராத்திரி ஓட்டியவன் அய்யாத்துரை, நாங்குநேரிப் பக்கம், தாராவியில் குடித்தனம். பம்ப் மாட்டுகிற அன்று இரண்டு பேரும் வந்து, வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனுமாக நின்றார்கள்.

"பெட்ரோலுக்குள்ள கரண்டையா விடுதிய?" என்றான் அய்யாத்துரை.

தீ எரியக் காற்று வேண்டும், பெட்ரோலில் முங்கிக் கிடக்கிற மோட்டாருக்குக் காற்று ஏது என்று தனசீலன் விளக்கினார். சுண்ணக்கட்டியால் ஷெட் தரையில் படமும் போட்டார்.

"வெளக்கமெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. தீப்பிடிச்சா இந்த வெளக்கத்தை ஊத்தியா அணைப்பிய?"

"அவன் கெடக்கான், நீங்க சொல்லுங்க அண்ணாச்சி," என்றான் ஜமால். "அந்த மோட்டாரைச் சுத்தி என்ன, கிண்ணம் மாதிரி?"

தனசீலனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை ஒருவரும் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டதில்லை. டாங்க்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது வண்டி வளைவில் திரும்பினால் அத்தனையும் ஒரு பக்கமாக ஓடிவிடும். பம்ப் காற்றைக் குடித்துவிடும், மறுபடி குமிழ். அதனால்தான் கிண்ணம். பெட்ரோல் உள்ளே வரும், வெளியே போகாது. டாங்க் வறண்டால்கூடக் கிண்ணத்தில் அரை லிட்டர் நிற்கும். அந்த அரை லிட்டர்தான் பம்புக்குக் குளிர்ச்சி, பம்புக்கு உயிர்.

"அரை லிட்டர்," என்றான் ஜமால்.

"அரை லிட்டர்," என்றார் தனசீலன் பெருமையாக.

வண்டிக்கு அந்தப் பக்கம் நின்ற அய்யாத்துரையும் அதை மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

முதல் சில நாள் வண்டி சொர்க்கமாக ஓடியது. தனசீலன் பானெட்டுக்குள் குழாயின் நடுவே ஒரு கண்ணாடித் துண்டு பொருத்தியிருந்தார்; குமிழ் வந்தால் அதில் தெரியும். தினமும் வேலைக்குப் போகும் முன் கிங்ஸ் சர்க்கிள் ரவுண்டானாவில் வண்டியைப் பிடித்து அதைப் பார்ப்பார். பெட்ரோல் தெளிந்து, குளத்துத் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ்ஸை விட்டிருக்கிறார்.

பிறகு குமிழ் வந்தது. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் சீயக்காய் தேய்த்த தலை மாதிரி நுரை. டாங்க்கைத் திறந்தால் மோட்டார் உள்ளே கருகியிருந்தது. வேறு மோட்டார் போட்டார். அதுவும் கருகியது. இறக்கையை மாற்றினார், வாயை அகலமாக்கினார், வலையை மாற்றினார். மூன்றாவது மோட்டாரும் கருகியபோது, தன் படிப்பின்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் சாயங்காலம், வண்டி கைமாறுகிற நேரத்துக்கு, கிங்ஸ் சர்க்கிளில் போய் நின்றார்.

ஜமால் வந்தான். வண்டியில் உட்கார்ந்து வரவில்லை. ஜன்னல் வழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க, முகத்தில் அப்படி ஒரு நிம்மதியோடு வந்தான்.

"என்னாச்சு ஜமால்?"

"ஒண்ணுமில்லியே. டாங்க் காலி."

"கிண்ணம்?"

"கிண்ணமும்தான். அதுக்காகத்தான அண்ணாச்சி இந்தச் சர்க்கிள் பார்க்கை எட்டு ரவுண்டு சுத்துனேன். இருமிச்சு, விடல. ஸ்டார்ட்டரப் போட்டுப் போட்டு ஓட்டிப் பாத்துட்டேன். கடைசிச் சொட்டு வரைக்கும் தீந்தாச்சு."

விஷயம் இதுதான். பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அய்யாத்துரை வண்டியில் விட்டுப்போன பெட்ரோலில் ஜமால் அந்தேரி வரைக்கும் சவாரி போய்விட்டு, தன் பங்குக்கு ஒரு சொட்டும் வைக்காமல் கொடுத்தான். இது அய்யாத்துரை கட்சி. ஜமால் கட்சியில் பெயர்கள் மட்டும் இடம் மாறும். அன்றிலிருந்து வறண்ட டாங்க்கோடு வண்டியைக் கைமாற்றுவது இருவருக்கும் தர்மமாகிவிட்டது. எஞ்சின் இருமி நின்ற பிறகுதான் சாவி கைமாறும். வாங்குகிறவன் தன் டின்னில் கொண்டுவந்த பெட்ரோலை ஊற்றி எடுத்துப் போவான். பழைய பம்புக்கு இருமலால் ஒரு கேடும் இல்லை. தனசீலன் பம்புக்கோ இருமல் என்றால் உயிர் போகிற இருமல். பெட்ரோலில் குளித்துக்கொண்டிருந்தால்தான் அது உயிரோடிருக்கும். வெறுங்கிண்ணத்தில் காற்றைக் கடைந்துகொண்டு சுற்றினால் வெந்துவிடும். இந்தத் தத்துவமெல்லாம் ஜமாலுக்கும் தெரியும். விளக்கினவர் தனசீலன்தானே.

"ஜமால், அந்த அரை லிட்டர் வண்டிக்குப்பா. அய்யாத்துரைக்கு இல்ல."

"வண்டி ராத்திரி யார்கிட்ட இருக்கு?"

அது இஞ்சினியரிங் பாடத்தில் வராத கேள்வி. அய்யாத்துரை டின்னோடு வந்து சேர்ந்தான். அவனிடமும் சொன்னார்.

"நான் வச்சுட்டுப் போவேன் அண்ணாச்சி, எனக்கு என்ன," என்றான் அவன். "ஆனா விடியக்காலம் எனக்கு மின்னாடி இந்தச் சவம் அந்தப் பெட்ரோல்ல சிரிச்சிக்கிட்டே போவாம்லா, அதை நான் எந்தக் கண்ணால பாக்க?"

"சரி. கிண்ணத்துல கிடக்கிறது கம்பெனிப் பெட்ரோல். நான் என் கையால ஊத்தறேன். உங்க ரெண்டு பேருக்கும் அதுல பாத்தியதை கிடையாது. சரிதானே?"

சரி என்றார்கள். அவர் ஊற்றினார். மறுநாள், கம்பெனிப் பெட்ரோலை அய்யாத்துரை குடித்துவிட்டான் என்று ஜமால் புகார் சொல்ல வந்தான். அதற்கு அடுத்த நாள் அய்யாத்துரை வந்தான். அதுவரை இரண்டு பேர் சண்டையாக இருந்தது, கம்பெனியும் சேர்ந்து மூன்று கட்சியாயிற்று.

மோட்டார் நான்காம் தடவை கருகுவதற்கென்று வெங்கடராமன் வண்டியில் இருக்கிற நாளைத் தேர்ந்தெடுத்தது. சயான் மேட்டில், பகல் பன்னிரண்டு வெயிலில், பட்டு அங்கவஸ்திரத்தோடு அவர் இறங்கி நின்றார். கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வண்டியில் கூட வந்திருந்த தனசீலன் பானெட்டைத் திறந்தார். கண்ணாடித் துண்டில் குமிழ்கள் பாயசத்து ஜவ்வரிசி மாதிரி வரிசையாக நின்றன.

"இது என்ன ஓய்?"

"குமிழ் சார்."

"எது வரப்படாதுன்னு இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தீரோ, அதா?"

"அதுதான் சார்."

"பேஷ். இன்னொரு மோட்டார் இருக்கோ?"

"ஒண்ணு இருக்கு."

"அதையும் எரிச்சுடும். எரிஞ்சப்புறம் ஸ்டூலைத் தூக்கிண்டு வாஷருக்கு வந்துடும். எனக்கு இதுல கோபமே இல்லை." கோபமே இல்லாமல் அவர் வேறு டாக்ஸிக்குக் கைகாட்டினார். அது நிற்காமல் போனது. டாக்ஸியில் அவ்வளவு வேகத்தைத் தனசீலன் அந்த மாதத்தில் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பம்ப் சரியாக இருந்தது; அதுதான் அவரை மிகவும் களைக்க வைத்தது. தப்பாக இருந்தால் திருத்தலாம். பெட்ரோலின் குணம் அவருக்குத் தெரியும், எந்தச் சூட்டில் என்ன செய்யும் என்று சொல்வார். அது அய்யாத்துரையைவிட எவ்வளவோ நியாயஸ்தன்.

வாசலில் அடுத்த வீட்டுச் சேசம்மாள் கிண்ணியோடு நின்றாள். "லூசி, கொஞ்சம் சீனி தாயேன். ரேஷன் வந்ததும் திருப்பித் தந்துருதேன்."

"சீனி தீந்துபோச்சேக்கா," என்றாள் அவர் மனைவி லூசியம்மாள் அடுப்படியிலிருந்து. "இவுகளுக்கே வெறுங்காப்பிதான்."

"இருக்கே," என்றார் தனசீலன். "பருப்பு டப்பாவுக்குப் பின்னால. காலையில பார்த்தேனே."

லூசியம்மாள் சிரித்த முகத்தோடு டப்பாவை எடுத்து, சேசம்மாளின் கிண்ணியில் சீனி போட்டாள். சேசம்மாளும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போனாள். கதவு சாத்தியதும் சிரிப்பு இரண்டு பக்கமும் நின்றிருக்க வேண்டும்.

"நாளன்னைக்குப் பிள்ளைக்குப் பொறந்த நாளு," என்றாள் லூசியம்மாள். "பாயசத்துக்கு வச்சிருந்தேன். நீங்க சும்மா இருந்திருந்தா அது தீந்துதான் போயிருக்கும். உங்க வாயாலதான இருந்து தொலைச்சுது."

"இல்லேன்னு பொய் சொல்லலாமா லூசி?"

"எது பொய்? டப்பாவக் குலுக்குனா சத்தம் வரலேன்னா தீந்துபோச்சுதான். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

தனசீலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதை மன்னிப்புக் கேட்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டாள். அவர் எழுந்து, கழற்றாத சட்டையோடு பென்சில் தேடப் போனார்.

டிரைவர்களுக்கு வேண்டியது பெட்ரோல் இல்லை, இருமல். எஞ்சின் இருமி நின்றுவிட்டால் அவர்களைப் பொறுத்தவரை டாங்க் காலி. அப்படியானால் பெட்ரோல் தீர்வதற்கு முன்னாலேயே எஞ்சின் இருமட்டுமே.

மறுநாள் அவர் ஒரு கார்க்கை எடுத்து, கிண்ணத்துக்குள் மிதக்க விட்டார். பம்பிலிருந்து மேலே போகிற குழாயில் பக்கவாட்டில் ஒரு துளை. கிண்ணம் நிறைந்திருக்கும்போது கார்க் எழும்பி நின்று துளையை அடைத்திருக்கும்; பெட்ரோல் எஞ்சினுக்குப் போகும். மட்டம் பாதிக்கு இறங்கியதும் கார்க் இறங்கும், துளை திறக்கும். அப்புறம் பம்ப் தள்ளுகிற பெட்ரோலெல்லாம் துளை வழியாக அதே கிண்ணத்தில் விழுந்து, மறுபடி பம்புக்கு வந்து, மறுபடி விழுந்து, சுற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்கு ஒரு சொட்டு போகாது. அது இருமும், நிற்கும். பம்போ குளிரக் குளிரப் பெட்ரோலில் முங்கிக் கிடக்கும். பொட்டுக் குமிழ் கிடையாது. கிண்ணத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, பாதியிலும் அரை லிட்டர் நிற்கும்படி செய்தார்.

தன் வாழ்நாளில் அவர் போட்டதிலேயே அழகான படம் அது. வழக்கமாக அந்த மாதிரிப் படம் போட்டால் மத்தியானத்துக்குள் செம்பூரில் பாதிப் பேருக்கு விளக்கியிருப்பார். அன்று அதைச் சுருட்டி, ஸ்டூலுக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். வாய் நமநமவென்றிருந்தது. தண்ணீர் குடித்தார்.

கடைசி மோட்டாரை மாட்டும்போது ஜமால் வந்து எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி மாத்துனிய?"

"கொஞ்சம் சரி பண்ணினேன்."

ஜமால் காத்திருந்தான். தரையைக்கூடப் பார்த்தான், படம் வருமோ என்று. வரவில்லை. "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான் உண்மையான கவலையோடு.

"வெயில்."

"அந்தக் கிண்ணம் இருக்கா, எடுத்துட்டியளா?"

தனசீலன் ஸ்பேனரைத் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்துவிட்டு மறு பக்கமும் துடைத்தார். "இருமுற வரைக்கும் ஓட்டிக்கோ ஜமால். அதுக்கு மேல அதுல ஒண்ணும் வராது."

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலில் இருந்தபோதும் சொல்லிப் பார்த்தார், இல்லைதான். ஆனாலும் மற்ற ஞாயிறுகளைவிடக் கொஞ்சம் அதிக நேரம் முழங்காலில் இருந்தார்.

மே மாதம் மிச்சமிருந்த வெயிலையெல்லாம் அந்த வண்டியின்மேல் கொட்டியது. வண்டி ஓடியது. சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிளில் இருமி நின்றது. அய்யாத்துரை டாங்க்கைத் தட்டிப் பார்த்து, ஸ்டார்ட்டரைப் போட்டுப் பார்த்து, எதிரி தனக்கு ஒன்றும் வைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுத் தன் டின்னைக் கவிழ்த்தான். காலையில் அதே பூஜையை ஜமால் செய்தான். இரண்டு பேருக்கும் மனநிறைவு. கண்ணாடித் துண்டில் பெட்ரோல் குளத்துத் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. மழை வருவதற்கு முந்தின வாரம் வெங்கடராமன் அதில் ஏறி, உச்சி வெயிலில் சயான் மேட்டை ஏறி இறங்கி, மறுபடி ஏறச் சொல்லி, பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலையே ஓய்."

"ஒண்ணும் தெரியக்கூடாது சார். அதுதான் டிசைன்."

வெங்கடராமன் அவர் தோளைத் தட்டினார். வாஷர் செக்‌ஷன் பேச்சு அதோடு போயிற்று. மின்விசிறிக்குக்கூட ஆள் வந்து பார்த்தான். ஆனால் தட்டிய கையை எடுக்காமலேயே அவர் அடுத்ததைச் சொன்னார்: மாட்டுங்காவில் ஒரு ஹால் பிடித்து டாக்ஸிக்காரர்களைக் கூட்டப் போகிறாராம். நூறு பம்பாவது அங்கே தள்ளியாக வேண்டும். "நீர்தான் விளக்கணும். ஆசை தீர விளக்கும். இந்தத் தடவை ஒருத்தரும் எழுந்து போகமாட்டா. காப்பிக்குச் சொல்லியிருக்கேன்."

தனசீலன் எத்தனையோ வருஷம் காத்திருந்த கூட்டம் அது. எழுந்து போகாத ஜனம், கரும்பலகை, சுண்ணக்கட்டி.

"எனக்குப் பேச வராது சார்."

வெங்கடராமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உமக்கா?"

"நீங்க பேசுங்க. டாங்க்குக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாதவங்க சொன்னா சந்தேகம் வராது."

வெங்கடராமன் கொஞ்சம் யோசித்து, இது பாராட்டுதான் என்று முடிவு செய்தார்.

ஹால் நிறைந்திருந்தது. தனசீலன் கடைசி வரிசையில், லூசியம்மாள் தேய்த்துக் கொடுத்த சட்டையில் உட்கார்ந்திருந்தார். வெங்கடராமன் எதிர்காலத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் நடுவிலிருந்து ஒரு டிரைவர் எழுந்தான். எல்லா டிரைவர்களும் கேட்க நினைத்த கேள்விதான்.

"பெட்ரோல் முழுசும் தீருமா, இல்ல அடுத்தவனுக்குன்னு உள்ள ஏதாச்சும் நின்னுக்கிடுமா?"

"ஒரு சொட்டு நிக்காது," என்றார் வெங்கடராமன், கணீரென்று, மனமார. "முழுக்கத் தீரும். நானே பார்த்தேன்."

முன் வரிசையில் ஒரு மூலையில் ஜமாலும் மறு மூலையில் அய்யாத்துரையும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை ஊர் அன்றுதான் பார்த்தது. ஹால் முழுக்கக் கை தட்டியது.

தனசீலனும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது ஒருவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தால், என்ன விஷயம் என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார்.